அப்பாவை ஐந்து மணி நேரம் வீடியோ காலில் 'கைது' பண்ணி வைத்திருந்தார்கள், பணம் தப்பிவிட்டது, ஆனால் கேஸ் நிஜம் என்றே இன்னும் நம்புகிறார்

காவிரிக்கரை மகள்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், நான் கோவையில். போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவருக்கு ஒரு கால். முதலில் பதிவு செய்த குரல்: உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரத்துக்கு ஒன்பதை அழுத்தவும். அழுத்தியிருக்கிறார். டிராயிலிருந்து (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பேசுகிறேன் என்று ஒருவன் வந்து, உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் ஒரு சிம் வாங்கியிருக்கிறார்கள், அந்த எண்ணிலிருந்து பெண்களுக்கு ஆபாச மெசேஜ் போயிருக்கிறது, எஃப்ஐஆர் போட்டாகிவிட்டது, மும்பை போலீசுக்கே இணைக்கிறேன், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறான். அடுத்தது வாட்ஸ்அப் வீடியோ கால். காக்கிச் சட்டை, பின்னால் தேசியக் கொடி, நடுநடுவே வயர்லெஸ் கரகரக்கும் சத்தம். எல்லாம் ஆங்கிலத்தில். அப்பாவும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார்.

கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பாத்ரூம் போக அனுமதி கேட்டிருக்கிறார். வீட்டு வேலைக்கு வரும் அக்கா பெல் அடித்தபோது உள்ளே இருந்தபடியே "இன்னிக்கு வேண்டாம்மா, நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார். மதியம் மாத்திரை போடவில்லை, சாப்பிடவில்லை. இடையில் சிபிஐ அதிகாரி என்று ஒருவன், அப்புறம் நீதிபதி என்று ஒருவன். வாட்ஸ்அப்பில் ஒரு வாரன்ட்டும் அனுப்பியிருக்கிறார்கள். கணக்கில் இருப்பது கறுப்புப் பணமா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும், எல்லா எஃப்டியையும் உடைத்து 'கண்காணிப்புக் கணக்கு'க்கு அனுப்புங்கள், 48 மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும் என்றார்களாம். மொத்தம் பதினான்கு லட்சம். போனை லைனில் வைத்தபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போயிருக்கிறார்.

கவுன்டரில் இருந்த பெண்தான் எங்களைக் காப்பாற்றினார். "சார், இது யார் கணக்கு, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டிருக்கிறார். மகள் வீடு வாங்குகிறாள் என்று அப்பா பொய் சொல்லியிருக்கிறார். என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தப் பெண் அவர் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு மேலாளர் அறைக்குக் கூட்டிப்போய், பையிலிருந்த போனை வாங்கி அணைத்துவிட்டு, நாமினியாக இருந்த என் எண்ணுக்கு அடித்தார்.

பணம் போகவில்லை. ஆனால் மனுஷர் அந்தப் பயத்திலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. "நீங்க லைனைக் கட் பண்ணிட்டீங்க, இப்ப வாரன்ட்டோட வருவாங்க" என்கிறார். பகலிலேயே கேட்டைப் பூட்டுகிறார். ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இது மோசடி என்று நான் பத்து தடவை சொல்லிவிட்டேன், தலையை ஆட்டுகிறார், நம்பவில்லை. அவரிடம் எப்படிப் பேசுவது? ஆதார் எண், பான், வங்கி விவரம் எல்லாம் கொடுத்திருக்கிறார், அதற்கு என்ன செய்ய வேண்டும்? பணம் போகாவிட்டாலும் புகார் கொடுக்கலாமா?

---

கவுன்டர் எண் 4:

சகோதரி, அந்த கவுன்டர் பெண்ணுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதி மேலாளரிடம் கொடுங்கள். நான் 33 வருஷம் வங்கியில் இருந்தவன். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது ஒரு பெரியவரை நிறுத்தி "யாருக்கு அனுப்பறீங்க" என்று கேட்பது லேசான விஷயம் கிடையாது, பாதிப் பேர் "என் பணம், உனக்கென்ன" என்று சத்தம் போடுவார்கள்.

கவுன்டரில் உட்கார்ந்து நாங்கள் பார்க்கும் அடையாளம் எல்லாமே உங்கள் அப்பா விஷயத்தில் இருக்கிறது. வருஷக்கணக்காகத் தொடாத எஃப்டியை ஒரே நாளில் உடைப்பார்கள். வட்டி போகுமே என்றால் பரவாயில்லை என்பார்கள். அனுப்பும் கணக்கு வேறு ஏதோ மாநிலத்தில், டிரேடர்ஸ், என்டர்பிரைசஸ் என்று ஒரு பெயரில் இருக்கும். காரணம் கேட்டால் மனப்பாடம் செய்த மாதிரி ஒரே வரி வரும், ஏனென்றால் வங்கியில் என்ன சொல்ல வேண்டும் என்று அவன்தான் சொல்லிக்கொடுத்திருப்பான். பையிலோ காதிலோ போன் லைனில் இருக்கும்.

அந்தக் கணக்கு அவனுடையது இல்லை, வாடகைக் கணக்கு. கமிஷனுக்கு ஆசைப்பட்டுக் கணக்கையும் சிம்மையும் கொடுத்த யாரோ ஒருவருடையது. பணம் விழுந்த சில நிமிடத்தில் அது பத்து இருபது கணக்குகளாகப் பிரிந்து, அங்கிருந்து ஏடிஎம்மிலோ கிரிப்டோவிலோ வெளியே போய்விடும். 'கண்காணிப்புக் கணக்கு' என்று ரிசர்வ் வங்கியிடம் எதுவும் கிடையாது, ரிசர்வ் வங்கி தனி மனிதரின் பணத்தை வாங்கிச் சரிபார்ப்பதும் இல்லை. ஒரு கணக்கின் மேல் நிஜமாகவே சந்தேகம் வந்தால் விசாரணை அமைப்பு வங்கிக்கு எழுதி அதை முடக்கச் சொல்லும். பணம் இருந்த இடத்திலேயே கிடக்கும். அதை எடுத்து இன்னொரு இடத்துக்கு அனுப்பு என்று உங்களிடம் சொல்ல வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆசிரியர், காரணம் சொன்னால் பிடித்துக்கொள்வார்.

விவரம் கொடுத்ததற்கு: நெட் பேங்கிங் பாஸ்வேர்டும் ஏடிஎம் பின்னும் மாற்றுங்கள். ஆதாரின் கைரேகை, கருவிழிப் பதிவை ஆதாரின் அதிகாரப்பூர்வச் செயலியிலேயே பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். அவர் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள், தெரியாத எண் இருந்தால் அங்கேயே 'என்னுடையது இல்லை' என்று சொல்லிவிடலாம். போனில் எனிடெஸ்க் மாதிரி திரையைப் பகிரும் செயலி எதையாவது போடச் சொன்னார்களா என்றும் கேளுங்கள், முதலில் அதைத் தூக்குங்கள்.

---

கறுப்புக் கோட்டு:

வழக்கறிஞன், தஞ்சாவூர்ப் பக்கம். இந்த இரண்டு வருஷத்தில் இப்படி நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் நிறைய.

'டிஜிட்டல் கைது' என்று ஒன்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. பிரதமரே 2024 அக்டோபர் 27 வானொலி உரையில் இதைச் சொன்னார். கைது என்றால் ஒரு போலீஸ்காரர் நேரில் வந்து, தான் யார் என்று சொல்லி, காரணம் சொல்லி, கையெழுத்து வாங்கி, வீட்டாருக்குத் தகவல் கொடுத்து, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். காரணம் சொல்வதும் அந்த 24 மணி நேரமும் அரசியல் சாசனத்தின் 22வது பிரிவிலேயே இருக்கிறது, எந்த அதிகாரியும் தாண்ட முடியாது. 'யாரிடமும் சொல்லாதே' என்பது இதற்கு நேர் எதிர். வீட்டில் ஒருவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதுதான் சட்டம். வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையும் அந்த 22வது பிரிவில் இருக்கிறது.

விசாரணைக்குக் கூப்பிட வேண்டுமென்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35வது பிரிவில் நோட்டீஸ் கொடுப்பார்கள் (பழைய சட்டத்தில் 41ஏ). அந்த நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதனால் வாட்ஸ்அப்பில் போலீஸ் நோட்டீஸ் வந்தால் அது எவ்வளவு முத்திரையோடு இருந்தாலும் எனக்கு ஒரே அர்த்தம்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். கொரோனா காலத்திலிருந்து நீதிமன்றங்கள் நிஜமாகவே வீடியோவில் நடக்கின்றன. ஹைகோர்ட்டில் நானே என் அறையில் உட்கார்ந்தபடி வாதாடியிருக்கிறேன். டிவியில் அதையெல்லாம் பார்த்த ஒருவருக்குத் திரையில் ஒரு நீதிபதி தோன்றினால் நம்பத்தான் தோன்றும். வித்தியாசம் இதுதான்: நிஜ வழக்குக்கு ஒரு வழக்கு எண் இருக்கும், இ-கோர்ட்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். கோர்ட்டில் பணம் கட்டினால் அதற்குச் சலானும் ரசீதும் உண்டு. யாரோ ஒரு டிரேடர்ஸ் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் (பெரிய தொகையை வங்கி வழியாக அனுப்பும் முறை) செய் என்று எந்த நீதிபதியும் சொல்வதில்லை.

பணம் போகாவிட்டாலும் புகார் கொடுங்கள். அந்த வாடகைக் கணக்கின் எண் உங்கள் அப்பா நிரப்பிய ஆர்டிஜிஎஸ் படிவத்தில் இருக்குமே, அது போலீசுக்குப் பெரிய துப்பு. அதே கணக்குக்கு இன்னொரு பெரியவர் பணம் அனுப்பாமல் தடுக்கலாம்.

---

தெற்குவாசல்:

தப்பாக நினைக்க வேண்டாம், ஒரு சந்தேகம். போனில் கால் பண்ணினாலே 'ஜாக்கிரதை' என்று மாசக்கணக்கில் ஒலித்தது, பேப்பரில் தினம் ஒரு செய்தி. இவ்வளவுக்கு அப்புறமும் படித்தவர்கள் எப்படி ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்?

---

பெயர் வேண்டாம்:

தெற்குவாசல், உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். என் அம்மா பணத்தை இழந்தவர். பதினோரு லட்சம்.

2024 ஆகஸ்டில் லூதியானாவில் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம் ஏழு கோடி பறித்தார்கள். ஸ்கைப்பில் போலியாக ஒரு உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்தி, தலைமை நீதிபதி பெயரில் ஒருவனைப் பேச வைத்து. அவரைவிட விவரம் தெரிந்தவர், அவரைவிட வக்கீல் பலம் உள்ளவர் நம்மில் யார்? நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்குப்படி 2022இல் இந்த வகைப் புகார்கள் 39,925, போன பணம் சுமார் 91 கோடி. 2024இல் 1,23,672 புகார்கள், 1,935 கோடி. இத்தனை பேரும் முட்டாள்களா?

என் அம்மாவும் பேப்பரில் படித்திருந்தார். அவன் ஆரம்பத்திலேயே 'இது டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லையே. முதலில் பாவம் பார்க்கிற மாதிரி வருகிறான். "மேடம், நீங்க அப்பாவின்னு எனக்குத் தெரியுது, நான் உதவி பண்றேன், ஆனா மேலதிகாரி கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க." அப்புறம் ஒருத்தன் கத்துகிறான். பயம் வந்ததும் அந்த முதல் ஆள் ஒருத்தன்தான் துணை என்று ஆகிவிடுகிறது. லைனைக் கட் பண்ண விடமாட்டான், ஏனென்றால் ஐந்து நிமிஷம் யோசிக்க விட்டால், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்க விட்டால், அவ்வளவுதான். அவர்களுடைய வேலையே இந்த ஒன்றுதான்: அந்த மனுஷரைத் தனியாக்குவது. பயப்பட வைப்பது யாருக்கும் எளிது, அந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் பண்ணுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்காகத்தான் ஆபாசம், போதைப்பொருள் என்று வெளியே சொல்ல வெட்கப்படும் குற்றமாகப் பார்த்துச் சாட்டுகிறார்கள். வேலைக்காரம்மாவிடமோ மகளிடமோ எப்படிச் சொல்வார் ஒரு வாத்தியார், என் நம்பரிலிருந்து பெண்களுக்கு அசிங்க மெசேஜ் போயிருக்காம் என்று?

அம்மா என்னிடம் சொன்னது மறுநாள் சாயங்காலம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்தேன். அவர்கள் கேட்பது: எந்த வங்கியிலிருந்து எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு, யூடிஆர் எண் (அந்தப் பரிவர்த்தனைக்கு வங்கி தரும் எண்) என்ன. இதைக் கையில் வைத்துக்கொண்டு அடியுங்கள், நான் தேடிக்கொண்டு நின்றதில் இருபது நிமிஷம் போனது. அவர்கள் பதிவு செய்ததும் தகவல் அந்தந்த வங்கிக்கு உடனே போகிறது, கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்தி வைக்கிறார்கள். எங்களுக்கு ஒன்றே முக்கால் லட்சம் நின்றது. மீதி ஏற்கெனவே போய்விட்டது. முதல் நாளே சொல்லியிருந்தால் இன்னும் நின்றிருக்கும் என்று அதிகாரி சொன்னார், அதை அம்மா கேட்டுவிட்டார், இன்றுவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். நின்ற பணத்தையும் கோர்ட் உத்தரவு வாங்கித்தான் எடுக்க முடிந்தது, ஏழு மாசம் ஆனது.

இரண்டு மாசம் கழித்து இன்னொரு கால் வந்தது. 'சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க 18,000 கட்டணம்' என்று. அதே கூட்டம், அல்லது அவர்களிடம் பட்டியல் வாங்கின கூட்டம். காவிரிக்கரை மகள், இதை அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள், கண்டிப்பாக வரும்.

அவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்களே. 'ஏன் சொல்லலை', 'எப்படி நம்பினீங்க' இந்த இரண்டையும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். அம்மா ஒரு மாசம் என்னோடு சாப்பாட்டு வேளைக்கு மட்டும்தான் பேசினார்.

---

தெற்குவாசல்:

மன்னித்துவிடுங்கள். அந்த 'தனியாக்குவது' என்பதை நான் யோசிக்கவில்லை. என் மாமியாரும் சிவகங்கையில் தனியாகத்தான் இருக்கிறார், இன்றைக்கே பேசுகிறேன்.

---

பென்ஷன் தாத்தா:

எனக்கு வந்தது கருவூலத்திலிருந்து பேசுகிறோம் என்று. வாழ்வுச் சான்று புதுப்பிக்கவில்லை, அடுத்த மாதப் பென்ஷன் நின்றுவிடும், இப்போது வரும் ஓடிபியைச் சொல்லுங்கள் என்றான். நான் ஓய்வு பெற்ற தேதி, பிபிஓ எண் (பென்ஷன் ஆணை எண்) எல்லாம் சரியாகச் சொன்னான், அதில்தான் சறுக்கப் பார்த்தேன். நல்லவேளை, அந்த மாசம்தான் வாழ்வுச் சான்றுக்கான நேர்காணலுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். நம் விவரம் அவனிடம் இருக்கிறது என்பதால் அவன் அரசாங்கம் ஆகிவிட மாட்டான்.

எங்கள் தெருவில் இன்னொன்று, மின் கட்டணம். 'போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை அழைக்கவும்' என்று சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து மெசேஜ். நம் ஊரில் ரீடிங் எடுப்பதே இரண்டு மாசத்துக்கு ஒருமுறை, 'போன மாத பில்' எங்கிருந்து வந்தது? சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு நீங்களே அடியுங்கள், 94987 94987. அரசின் எஸ்எம்எஸ் என்றால் அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும், இப்போது அப்படித்தான் விதி.

டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடவே தொடாதீர்கள். அபராதத்தை அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நாமே பார்த்துக்கொள்ளலாம்.

---

கறுப்புக் கோட்டு:

தாத்தா சொன்னதில் 'நீங்களே அடியுங்கள்' என்பதுதான் எனக்குப் பிடித்தது. யார் எந்த அலுவலகம் என்று சொன்னாலும் சரி, கட் பண்ணிவிட்டு, நீங்களாகத் தேடி எடுத்த எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். அவன் கொடுத்த எண்ணுக்கு அடித்தால் அவனே எடுப்பான்.

சகோதரி, ஒரு யோசனை. நீங்கள் சொல்லி அப்பா நம்பவில்லை, ஏனென்றால் அவருடைய மனசில் அந்தக் காக்கிச் சட்டைதான் அதிகாரம், நீங்கள் மகள். அவரை நேராக உள்ளூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போங்கள். பயப்படுவார், ஆனாலும் கூட்டிப்போங்கள். நிஜ போலீஸ் வாயால் கேட்கட்டும். அவர்கள் அனுப்பிய வாரன்ட்டை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள்.

---

காவிரிக்கரை மகள்:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை கூட்டிப்போனேன். கிளம்பும்போது மாற்றுத்துணி ஒரு பையில் எடுத்து வைத்திருந்தார். எதற்கப்பா என்றேன், பதில் சொல்லவில்லை. ஆட்டோவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டே போனேன், 'பெயர் வேண்டாம்' சொன்ன அந்த இரண்டு கேள்வியையும் கேட்கவே இல்லை.

ஸ்டேஷனில் பெண் எஸ்ஐ ஒருவர் இருந்தார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, அந்த வாரன்ட்டை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை மெதுவாகப் படித்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "சார், உங்க பேர்ல இந்தியாவுல எங்கயும் கேஸ் இல்ல. இருந்தா எங்களுக்குத்தான் முதல்ல சொல்வாங்க, நாங்கதான் உங்க வீட்டுக்கு வரணும். நான் வரலையே" என்றார். அப்பா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா மேசையில் இருந்த நிஜ சம்மன் ஒன்றின் மேல்பகுதியை மட்டும் அவர் பக்கம் திருப்பிக் காட்டி, "இதுல சிங்கத்துக்குக் கீழ சத்யமேவ ஜயதே இருக்கு பாருங்க, உங்க பேப்பர்ல இருக்கா?" என்று கேட்டார். இல்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை வாங்கினார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அதை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று தெரியாது. இப்போதுதான் படிக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து "ஸ்பெல்லிங் தப்பு" என்றார். 'சீக்ரெட்' என்ற சொல்லே தப்பு. நாற்பது வருஷம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவர் கண்ணில் அது நான்கு நாளாகப் படவில்லை.

1930இல் பதிவு செய்து, சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் புகார் போட்டாயிற்று, வாடகைக் கணக்கு எண்ணையும் கொடுத்தோம். ஆதாரைப் பூட்டிவிட்டேன். அவர் பெயரில் மூன்று சிம் காட்டியது, இரண்டு எங்களுடையது, மூன்றாவது அம்மாவின் பழைய எண். வேறு எதுவும் இல்லை. வங்கிப் பெண்ணுக்கு அப்பாவே கடிதம் எழுதினார், இரண்டு பக்கம்.

ராத்திரி இன்னும் சரியாகத் தூங்கவில்லை. தெரியாத எண் வந்தால் போனை என்னிடம் நீட்டுகிறார். ஒரு மாசம் இங்கேயே இருந்து வேலை பார்க்கலாமா என்று ஆபீசில் கேட்டிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அந்த வாரன்ட்டைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். மொத்தம் பதினாறு தப்பு, ஓரத்தில் எண் போட்டு எழுதியிருக்கிறார். பூங்காவில் கூட நடக்கும் நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டும், இருபது ஜெராக்ஸ் எடுத்துக் கொடு என்றார். கலரில் எடு, இல்லாவிட்டால் சிவப்பு தெரியாது என்றும் சொன்னார்.